சீ.ஆர். கொப்பியில் வளர்ந்த காசு

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. அன்றிரவு மின்வெட்டு. சுன்னாகத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு வட்டிக்குக் கொடுத்த கடன்களை நான் எழுதிவைத்த சீ.ஆர். கொப்பியை விரித்துக் கூட்டிப் பார்த்தேன். எனக்கு வரவேண்டியது 43 இலட்சம் ரூபா என்று கொப்பி சொன்னது. சித்தியின் மருந்துக்குக் கொடுக்கக் கையில் ஆறாயிரம் ரூபா இல்லை. புதுவருஷம் கழிந்து கடைகள் திறந்ததும் மனைவியின் இரண்டு காப்பைக் கொண்டுபோய் அடைவு வைத்தேன்.

நான் காசுக் கணக்குத் தெரியாதவன் அல்லன். முப்பத்தொரு வருஷம் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதியவன். அதனால்தான் இதை எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். தெரியாமல் செய்த பிழையென்றால் எழுத ஒன்றுமில்லை.

2012இல் ஓய்வுபெற்றபோது ஊழியர் சேமலாப நிதியிலிருந்து எட்டு இலட்சம் ரூபா கிடைத்தது. அப்போது யாழ்ப்பாணம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது. 2009இல் யுத்தம் முடிந்து ஏ9 பாதை திறந்த பிறகு, லொறியில் சாமான் வந்ததுபோலக் கடனும் வந்தது. காங்கேசன்துறை வீதியில் நிதி நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. லீசிங்கில் ஆட்டோ, லீசிங்கில் மோட்டார் சைக்கிள், லீசிங்கில் தண்ணீர் இறைக்கிற மெசின். பெண்களைக் குழுவாகச் சேர்த்து ஒருவருக்கு மற்றவரைப் பிணையாக வைத்துக் கொடுக்கிற நுண்நிதிக் கடன் ஒழுங்கை ஒழுங்கையாக வந்தது. கிழமைக்கொரு நாள் வசூலுக்கு வருகிற பெடியன் காசு கிடைக்கும்வரை படலையடியில் நிற்பான். 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, இந்தக் கடன்களின் உண்மையான வட்டி வருஷத்துக்கு 40 முதல் 220 வீதம் வரை போவதாக எழுதினார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது நினைவிருக்கிறது. என் கொப்பி அப்போது அலுமாரியில்தான் இருந்தது.

தொடக்கம் நல்லதாகவே இருந்தது. நீர்வேலிப் பக்கம் வாழைக்குலை வாங்கிக் கொழும்புக்கு லொறியில் அனுப்புகிற ஒருவர், என்னோடு சங்கத்தில் பழகியவர், ஒரு நாள் வந்து ஐம்பதாயிரம் கேட்டார். தோட்டக்காரனுக்கு இன்றைக்குக் காசு கொடுக்கவேண்டும். கொழும்புக் கடைக்காரன் இரண்டு கிழமை கழித்துத்தான் தருவான். வங்கிக்குப் போனால் இரண்டு பிணையாளர், காணி உறுதி, வருமான அத்தாட்சி, அதற்குள் குலை பழுத்துவிடும். கொடுத்தேன். பதினைந்தாம் நாள் ஆயிரம் ரூபா சேர்த்துக் கொண்டுவந்து தந்தார். இப்படி அவரோடு மட்டும் முப்பது தடவைக்கு மேல் கொடுத்து வாங்கியிருப்பேன். ஒரு சதம் தவறவில்லை. இன்றைக்கு யோசிக்கும்போது, நான் செய்த கொடுக்கல் வாங்கலில் யாருக்கும் நோகாமல் நடந்தது இதுதான். எந்தக் காசு எதற்குப் போகிறது என்று தெரியும். குலை லொறியில் ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன். எப்போது திரும்பும், எதிலிருந்து திரும்பும் என்பதும் தெரியும். வங்கிக்கு இந்த வேலையைச் செய்ய நேரமில்லை; சுன்னாகம் சந்தையடியில் நிற்கிற ஒருவனால் செய்ய முடியும். தனியார் கடனில் ஒரு வாய்ப்பு இருக்கிறதென்றால் அது இந்த இடைவெளிதான்.

ஆனால் பதினைந்து நாளில் ஆயிரம் ரூபா வருகிறதை மாத வட்டியாகப் போட்டுப் பார்த்த மனம் அங்கே நிற்கவில்லை.

2014இல் ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பாவின் மகன் தொலைபேசி எடுத்தான். "அண்ணை, காசு வங்கியில கிடந்து என்ன? நீங்கள் பாத்து ஆரிட்டயும் குடுங்கோ. அம்மாவுக்கு மாசம் மாசம் வட்டி போனாக் காணும்." ஒன்பது இலட்சம் அனுப்பினான். பிறகு சுவிஸிலிருந்து மனைவியின் தம்பி ஐந்து இலட்சம். என்னுடைய எட்டோடு 22 இலட்சம். நூற்றுக்கு மூன்று என்று மாத வட்டிக்குக் கொடுப்பது, நூற்றுக்கு இரண்டு அவர்களுக்கு, ஒன்று எனக்கு. மீற்றர் வட்டிக்காரர் நாளுக்கு நாள் வாங்குகிற ஊரில் மூன்று வீதம் நியாயம் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். வருஷத்துக்கு 36 வீதம் என்று ஒருபோதும் எழுதிப் பார்க்கவில்லை. 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித் தொழில் சட்டம், மத்திய வங்கியின் உரிமம் இல்லாமல் வைப்புப் பெறுவதைத் தடைசெய்கிறது. அந்தச் சட்டத்தின் நிழல் சொந்தக்காரரின் காசை வாங்கி வட்டிக்கு விடுகிற என்னிலும் விழுமா என்று யாரிடமும் கேட்கவில்லை. உறவுக்குள் நடக்கிற விஷயம் என்று விட்டுவிட்டேன்.

கொழும்புச் செட்டியார் தெருவின் கதையைச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய கூட்டுறவு அதிகாரி ஒருவர் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பிரித்தானிய வங்கிகளிடம் குறைந்த வட்டிக்கு வாங்கி, அந்த வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்காத உள்ளூர் வியாபாரிக்கும் தோட்ட முதலாளிக்கும் கூடிய வட்டிக்குக் கொடுத்தார்கள். 1925இல் பெரிய செட்டி நிறுவனமொன்று முறிய, வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன. செட்டியார்கள் தாங்கள் கொடுத்ததை இழுக்கவேண்டி வந்தது. கடைசிக் கண்ணியில் நின்றவனின் காணிதான் போனது. 1934இல் வங்கி ஆணைக்குழு விசாரித்து, 1939இல் இலங்கை வங்கி பிறந்ததற்கு இது ஒரு காரணம். இதை நான் கூட்டங்களில் மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். சொன்னவனே ரொறன்ரோவுக்கும் சுன்னாகம் சந்தைக்கும் நடுவில் ஒரு கண்ணியாகப் போய் நின்றுகொண்டேன்.

சந்தையில் மரக்கறி விற்கிற ஒரு அம்மாவைப் பற்றித்தான் இங்கே சொல்லவேண்டும். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். 2016 மார்ச்சில் ஒன்றரை இலட்சம் கேட்டார். கடையை ஒழுங்காக்கவேண்டும் என்றார். அவ்வளவுதான் கேட்டேன், அவ்வளவுதான் சொன்னார். மாதம் 4,500 ரூபா வட்டி. ஐந்தாம் திகதி தவறாமல் கொண்டுவந்து தருவார். எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார், எத்தனை தடவை வேண்டாம் என்றாலும். முதல் தொகையில் ஒரு சதமும் குறையவில்லை. அது எனக்குப் பிரச்சினையாகவே தெரியவில்லை. நல்ல கடன்காரி என்று நினைத்தேன். முதல் திரும்பிவந்தால் அதை மறுபடி யாருக்குக் கொடுப்பது என்கிற கவலை மிச்சம்.

சங்கத்தில் நாங்கள் இப்படிக் கடன் கொடுத்ததில்லை. சிக்கனக் கடனுதவிச் சங்கம் என்பது 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்தோடு இந்த நாட்டில் வேர்விட்ட ஒன்று. விண்ணப்பம் வந்தால் செயற்குழுவில் ஐந்தாறு பேர் இருந்து பேசுவார்கள். "அவன் போன போகம் வெங்காயம் போட்டவன், விலை விழுந்திட்டுது, இந்த முறை கொஞ்சம் கூடக் குடுப்பம்." "அவளுக்கு வேற இடத்திலயும் கடன் கிடக்கு, இப்ப குடுத்தா மாட்டிவிடுறம்." ஊரின் கண் முழுவதும் அந்த மேசையில் இருந்தது. வட்டி குறைவு, இலாபம் வந்தால் அங்கத்தவருக்கே திரும்பும். முப்பத்தொரு வருஷம் அந்த மேசையின் ஓரத்தில் இருந்து குறிப்பு எழுதியவன், என் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தபோது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இதற்கு எனக்கு இன்றும் சரியான பதில் கிடைக்கவில்லை. காசு என்னுடையதும் உறவுக்காரருடையதும் என்றானபோது, எதிரே நிற்பவர் அங்கத்தவர் இல்லை என்றாகிவிட்டதோ என்னவோ.

2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. சந்தை மூடப்பட்டது. வங்கிகளும் பதிவுசெய்த நிதி நிறுவனங்களும் மத்திய வங்கியின் உத்தரவுப்படி தவணைகளுக்குச் சலுகைக் காலம் கொடுத்தன. என் கொப்பிக்கு எந்த உத்தரவும் வரவில்லை, நானும் கொடுக்கவில்லை. யாரையும் நெருக்கவுமில்லை. "இப்ப தரவேண்டாம், பிறகு பாப்பம்" என்றேன். எல்லோரும் என்னை நல்லவன் என்றார்கள். வராத வட்டியை மாதக் கடைசியில் முதலோடு சேர்த்து எழுதினேன். அடுத்த மாதம் அந்தக் கூட்டுத்தொகைக்கு வட்டி.

ஊரடங்கு எடுபட்டாலும் பழைய வியாபாரம் திரும்பவில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தார்கள். ஏழாலையிலும் புன்னாலைக்கட்டுவனிலும் என்னிடம் வாங்கியிருந்த தோட்டக்காரர்களின் விளைச்சல் படுத்தது. 2022இல் மண்ணெண்ணெய் இல்லை, இறைப்பு இல்லை. ஒவ்வொருவராக வட்டியை நிறுத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் நான் முதலோடு சேர்த்து எழுதினேன். கொப்பியில் 22 இலட்சம் 30 ஆகி, 36 ஆகி, 43 ஆனது. அந்த அம்மாவின் ஒன்றரை இலட்சம், 24 மாதத்தில் 305,000 ரூபாவாக நின்றது. நான் ஒரு சதம் புதிதாகக் கொடுக்கவில்லை, அவர் ஒரு சதம் புதிதாக வாங்கவில்லை.

ரொறன்ரோக்காரனுக்கு வட்டி வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சித்திக்குக் கொடுக்கிற மாதம் 18,000 ரூபாவையும் மைத்துனருக்கு அனுப்புகிற பத்தாயிரத்தையும் என் கையிலிருந்தே கொடுத்துவந்தேன். மிச்சமிருந்த சேமிப்பு கரைந்தது. அவர்கள் எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தார்கள். இந்த இடத்தைத்தான் எழுதக் கை கூசுகிறது. கடன்காரர் என்னிடம் மறைக்கவில்லை. மறைத்தது நான்.

2022 ஜூனில் ரொறன்ரோக்காரன் முதலைக் கேட்டான். மகளின் கல்யாணம். ரூபாவின் பெறுமதி மார்ச்சில் அமெரிக்க டொலருக்கு 200இலிருந்து சரியத் தொடங்கி 360ஐத் தொட்டிருந்தது. 2014இல் அவன் அனுப்பிய ஒன்பது இலட்சம், அன்றைக்கு ஏறத்தாழ 7,600 கனடிய டொலர். அதே ஒன்பது இலட்சம் இப்போது 3,200 கனடிய டொலர்தான். அதையாவது தா என்றான். என்னிடம் 43 இலட்சம் எழுதிய கொப்பி இருந்தது. அதில் ஒரு தாளைக் கிழித்து யாரிடம் விற்பது? அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்துக்கு ஏறியது. அறாவட்டி வாங்குகிறேனோ என்று ஒரு காலத்தில் நெஞ்சு குறுகுறுத்த 36 வீதம், அரிசி விலைக்குப் பக்கத்தில்கூட நிற்கவில்லை.

இரண்டு பரப்புத் தோட்டக் காணியை விற்று இருவருக்கும் முதலைக் கொடுத்தேன். பாட்டன் ஒற்றிக்குக் கொடுத்துத் திருப்பிய காணி அது. உறுதி எழுதின நொத்தாரிசிடம் என் கொப்பியையும் காட்டி, கோட்டுக்குப் போனால் இந்தக் காசு வருமா என்று கேட்டேன். நிதானமாகப் பக்கங்களைத் திருப்பினார். நிலுவை வட்டி முதலைத் தாண்டினால் அதற்கு மேல் அறவிட முடியாது என்பது இந்த நாட்டில் இருக்கிற உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய விதி என்றார். 1918ஆம் ஆண்டின் காசு கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. வட்டி அநியாயம் என்று கண்டால் கடன் கணக்கையே நீதிமன்றம் பிரித்துப் பார்க்கும் என்றார். பிறகு, காணியின் பழைய உறுதியைப் பார்த்துக்கொண்டே ஒற்றியைப் பற்றிச் சொன்னார். ஒல்லாந்தர் 1707இல் தேசவழமையைத் தொகுத்தபோது அதில் ஒற்றியும் இருந்தது. கடன் கொடுத்தவன் வட்டி வாங்குவதில்லை. காணியின் பலனை எடுத்துக்கொள்வான். பனை காய்த்தால் அவனுக்கு, காய்க்காவிட்டாலும் அவன்பாடு. அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். மழை பொய்த்த வருஷத்தில் ஒற்றி பிடித்தவனும் பட்டினி கிடந்திருக்கிறான். என் கொப்பியிலோ மழை பொய்த்த வருஷத்தில்தான் எனக்குக் கூட வந்திருந்தது.

போன வருஷம், 2025 நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து மருமகன் வந்திருந்தான். முதலீட்டு நிறுவனமொன்றில் வேலை. என்ன வேலை என்று கேட்க, தனியார் கடன் என்றான். வங்கி கொடுக்காத கம்பனிகளுக்கு, ஓய்வூதிய நிதிகளிடமும் காப்புறுதிக் கம்பனிகளிடமும் காசைச் சேர்த்து நேரடியாகக் கடன் கொடுக்கிறார்கள். 2008 நெருக்கடிக்குப் பிறகு வங்கிகளுக்குக் கட்டுப்பாடு இறுகியதும் இது ஊதிப் பெருத்ததாம். சர்வதேச நாணய நிதியம் 2024 ஏப்ரலில் போட்ட கணக்கின்படி, 2023இல் இது 2.1 டிரில்லியன் டொலரைத் தாண்டிவிட்டது. இலங்கையின் முழுப் பொருளாதாரமும் அந்த வருஷம் ஏறத்தாழ 84 பில்லியன். அதைப்போல 25 மடங்கு. பெரும்பகுதி அமெரிக்காவில்.

எனக்குத் தொகையில் அவ்வளவு பிடிப்பில்லை. அவன் சொன்ன வேறொன்றில்தான் உள்ளே ஏதோ அசைந்தது. கடன் வாங்கின கம்பனி வட்டியைக் காசாகக் கட்ட முடியாவிட்டால், அதைக் கடனோடு கூட்டிவிடுகிற ஒரு முறை இருக்கிறதாம். அதற்கு 'பிக்' என்று பெயர். எழுத்தில் வருமானம்; கையில் ஒன்றுமில்லை. இந்தக் கடன்கள் சந்தையில் கைமாறுவது அருமை என்பதால், அவற்றின் பெறுமதியை வைத்திருப்பவர்களே பெரும்பாலும் மதிப்பிட்டு எழுதுகிறார்கள். காசு போட்டவர்கள் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்டால் கொடுப்பதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். நாணய நிதியம் கவலைப்படுவதும் இவற்றைப் பற்றித்தான் என்றான். நான் எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து கொப்பியை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன். நெடுநேரம் பார்த்தான். "மாமா, இது அதுதான்" என்றான்.

அவன் திரும்பிப் போய் ஒரு மாதம் ஆகவில்லை. அமெரிக்காவில் பழைய கார்களுக்குக் கடன் கொடுத்துவந்த டிரைகலர் என்ற நிறுவனமும், கார் உதிரிப்பாகங்கள் செய்கிற ஃபர்ஸ்ட் பிராண்ட்ஸும் 2025 செப்டெம்பரில் அடுத்தடுத்து வங்குரோத்தாகின. ஒரே ஈட்டை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காட்டிக் கடன் எடுத்ததாக இரண்டின் மேலும் குற்றச்சாட்டு எழுந்தது. மருமகன் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு அந்த மரக்கறிக்கார அம்மாதான் நினைவுக்கு வந்தார். அவர் ஏமாற்றியவர் அல்லர். அதனால்தான் நினைவு வந்தது.

2022 கடைசியில் அவர் சந்தைக்கு வருவதை நிறுத்தியிருந்தார். தேடி வீட்டுக்குப் போனபோது தெரிந்தது: எனக்கு மாதம் 4,500 கட்டுவதற்காக 2017இல் ஒரு நுண்நிதிக் குழுவில் எடுத்திருக்கிறார். அதைக் கட்ட இன்னொன்று. அதைக் கட்டக் கழுத்துச் சங்கிலி அடைவுக்குப் போயிருக்கிறது. நான் "நல்ல கடன்காரி" என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த நான்கு வருஷத்தில் பெரும்பகுதியும் அவர் சந்தையில் உழைத்த காசு என்னிடம் வரவில்லை. வேறொருவரின் கடன்தான் என் விறாந்தைக்கு வந்துகொண்டிருந்தது. வங்கிகளுக்கு 1990இல் தொடங்கிய கடன் தகவல் பணியகம் இருக்கிறது. ஒருவருக்கு எங்கெங்கே கடன் என்று பார்க்கலாம். என் கொப்பி அதில் இல்லை. நான் அவரைப் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். "நீங்கள் கேக்கேல்லையே ஐயா" என்றார், குறையாக அல்ல, நடந்ததைச் சொல்வதுபோல.

வங்கிக்கு வெளியே கடன் கொடுப்பதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். குலை லொறி போகிற இடத்தில் காசு வேண்டும். போகத்துக்கு விதைவெங்காயம் வாங்கக் காசு வேண்டும்; வங்கியின் கடதாசி அந்த நாளுக்குள் வராது. தொழிலைத் தெரிந்து, குறுகிய காலத்துக்கு, திரும்பும் வழியைப் பார்த்துக் கொடுக்கிற காசு இந்த ஊருக்கு இன்னும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் காசும் வேண்டும். ஆனால் அது என்போன்ற ஒருவனின் அலுமாரிக்குள் வராமல், கணக்குப் பரிசோதனை நடக்கிற, அங்கத்தவர் கேள்வி கேட்கிற இடத்துக்கு வரவேண்டும் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். இப்போது ஊர்ச் சிக்கனக் கடனுதவிச் சங்கத்தின் செயற்குழுவில் மறுபடியும் இருக்கிறேன். வராத வட்டியை வருமானமாக எழுத நான் விடுவதில்லை. இதில் இளம் ஆட்களோடு எனக்குச் சண்டையும் வந்திருக்கிறது.

கொப்பியில் இருந்த ஒவ்வொருவரிடமும் போனேன். கூட்டி எழுதிய வட்டி முழுவதையும் வெட்டினேன். முதலை முடிந்தபோது தரலாம் என்றேன். சிலர் தந்தார்கள்; தோட்டக்காரர் இருவர் இன்னும் சிறுகச் சிறுகத் தருகிறார்கள்; ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார்.

அந்த அம்மாவின் வீட்டுக்கு இரண்டாம் தடவை போனது 2023 தைப்பொங்கல் கழிந்து. அதற்குமுன் அவருடைய பக்கத்தை மட்டும் தனியாகக் கூட்டிப் பார்த்திருந்தேன். 48 மாதம், மாதம் 4,500: 216,000 ரூபா. நான் கொடுத்தது 150,000. முன் விறாந்தையில் எனக்குக் கதிரை போட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி இருபதாயிரம் ரூபா கொண்டுவந்து வைத்தார். மகன் கொழும்பில் வேலைக்குப் போய் அனுப்பியது என்றார். மிச்சத்தை மாதம் மாதம் தருவதாகச் சொன்னார்.

"வேண்டாம் பிள்ளை. நீ தரவேண்டியதுக்கு மேலயே தந்திட்டாய்" என்றேன். கொப்பியைக் காட்டி, பக்கத்தின் குறுக்கே கோடு போட்டேன்.

அவர் கோட்டைப் பார்த்தார். பையை எடுக்கவில்லை.

"ஐயா, உங்கட கொப்பியில கோடு போட்டாக் காணாது. கணக்குத் தீர்ந்திட்டுது எண்டு ஒரு துண்டில எழுதித் தாங்கோ. நாளைக்கு ஆரும் வந்து கேட்டாக் காட்ட எனக்கு ஒண்டும் இல்லை."

பத்து வருஷம் வட்டி வாங்கியிருக்கிறேன். ஒருவருக்கும் ஒரு பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை. சங்கத்தில் இருபது ரூபா சந்தாவுக்கும் துண்டு கிழித்துக் கொடுத்த கை இது. மகளின் பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து ஒரு தாளை வாங்கி, திகதி போட்டு, முதலையும் அவர் கட்டிய 48 மாத வட்டியையும் எழுதி, நிலுவை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை வாசித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு அவளையும் வாசிக்கச் சொன்னார். அவள் சத்தமாக வாசித்து முடித்த பிறகுதான் பொலித்தீன் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.